இருட்டுக்குள் புகுந்து வெளியேறும் வெளிச்சம்

கருந்துளைகளைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியதற்கு வந்த மின்னஞ்சல்களில் ஒன்று, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவருடையது. வாழ்த்து, வணக்கம் எதுவும் இல்லை. நேராகக் கேள்விதான்: “கரும்பொருளால் மட்டுமே ஆன நட்சத்திரம் ஒன்று இருந்து, அதன்மேல் டார்ச் அடித்தால் என்ன தெரியும்?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் தெரியாது. டார்ச் வெளிச்சம் அதற்குள் புகுந்து, எதிலும் மோதாமல், மறுபக்கம் வெளியே வரும். ஆனால் போன பாதையில் வராது, வளைந்து வரும். அந்த வளைவு மட்டும்தான் நமக்குக் கிடைக்கும் தடயம். அதை வானத்தில் தேடுவதற்கு முன்னால் கணினியில் வரைந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் அந்தக் கணினிப் படங்களைப் பற்றித்தான். அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றியும்.

கரும்பொருள் என்ற பெயரே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. கரி கறுப்பாக இருப்பது வெளிச்சத்தை விழுங்குவதால். கரும்பொருள் வெளிச்சத்தை விழுங்குவதும் இல்லை, திருப்பி அனுப்புவதும் இல்லை. நியாயமாக அதற்குக் கண்ணாடிப்பொருள் என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும். அது இருப்பதாக நாம் நினைப்பதற்கு ஒரே காரணம் அதன் எடை. 1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா விண்மீன் திரள் கொத்தைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற எடைக்குப் பொருந்தாத வேகத்தில் அங்கே திரள்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமிடாவின் சுழற்சியை அளந்தார்கள். விளிம்பிலும் வேகம் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே இழுத்துப் பிடித்திருக்கிறது. இன்றைய கணக்குப்படி அது, நீங்கள், நான், நிலா, சூரியன் எல்லாம் சேர்ந்த சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

இது புகைபோலப் பரவிக் கிடக்கிறது என்பதுதான் வழக்கமான சித்திரம். ஆனால் உருண்டு திரண்டு நட்சத்திரமாக ஆக முடியாதா? முடியும் என்று காகிதத்தில் காட்டியவர்கள் உண்டு. 1968இல் டேவிட் காப், அடுத்த ஆண்டு ரூஃபினியும் பொனாசோலாவும். போசான் வகைத் துகள்களை ஈர்ப்புவிசை ஒன்றுசேர்த்தால் நிலையான உருண்டை ஒன்று உருவாகலாம் என்று கணக்குப் போட்டார்கள். அதற்குப் போசான் நட்சத்திரம் என்று பெயர். கரும்பொருள் அப்படிப்பட்ட துகளாக இருந்தால் அதுதான் நம் கேள்விக்குரிய நட்சத்திரம்.

இங்கே நம்மவர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1930இல், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். செத்துப்போன நட்சத்திரம் தன் எடையைத் தானே தாங்குவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று போகும் வழியிலேயே கணக்கிட்டார். சுமார் 1.4 சூரியன். அங்கே தாங்கிப் பிடிப்பவை எலக்ட்ரான்கள். ஒரே இருக்கையில் இரண்டு எலக்ட்ரான்கள் உட்காரா. போசான்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. எத்தனை வேண்டுமானாலும் ஒரே இருக்கையில் உட்காரும். பிறகு எது தாங்குகிறது? ஒரு துகளை மிகச் சிறிய இடத்தில் அடைக்க முயன்றால் அது அடங்காமல் துள்ளும் என்ற குவாண்டம் விதிதான். இதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஆனால் அது துகளின் எடையைப் பொறுத்தது: துகள் எவ்வளவு இலேசோ, நட்சத்திரம் அவ்வளவு பெரிதாக இருக்கலாம். நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் 4 மில்லியன் சூரிய எடைக்கு ஒரு போசான் நட்சத்திரம் வேண்டுமென்றால், அதன் துகள் எலக்ட்ரானைவிட இலேசாக இருக்க வேண்டும். எவ்வளவு இலேசு? ஒன்றுக்குப் பின்னால் 22 சுழியம் போட்டுக்கொள்ளுங்கள், அத்தனை மடங்கு. நம்பக் கடினம்தான். இயற்கை அப்படித் துகள் செய்யாது என்று சொல்லவும் யாராலும் முடியவில்லை.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். ஈர்ப்புவிசை ஒளியை வளைக்கும் என்பது பழைய செய்தி. 1919 மே 29 கிரகணத்தின்போது எடிங்டனின் குழுவினர் அதை அளந்தார்கள். சூரியனின் விளிம்பை உரசிச் செல்லும் ஒளி, ஐன்ஸ்டைனின் கணக்குப்படி 1.75 விகலை வளைய வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த பத்துக் காசு நாணயம் நம் கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. சூரியன் வெளிச்சத்தைத் தடுப்பதால் விளிம்புக்கு வெளியே போகும் கதிர்களை மட்டுமே பார்க்க முடியும். போசான் நட்சத்திரத்தில் அந்தத் தடை இல்லை. கதிர் நடுவயிற்றுக்குள்ளேயே புகுந்து போகும். புகும்போது ஈர்ப்பில் விழுவதால் அதன் நிறம் நீலப்பக்கம் நகரும். வெளியேறும்போது அதே அளவு சிவப்புப்பக்கம் திரும்பும். கணக்கு நேராகிவிடும். திசை மட்டும் மாறியிருக்கும்.

எப்படி மாறும் என்பதைப் புரிந்துகொள்ளக் கோப்பிக் கடைக்குப் போனால் போதும். குடித்து முடித்த கண்ணாடிக் குவளையின் தடித்த அடிப்பாகம் வழியாக மேசையில் கிடக்கும் செய்தித்தாளைப் பாருங்கள். எழுத்துகள் வில்லாக வளையும். ஓரத்தில் ஒன்று இரண்டாகும். நட்ட நடுவில் மட்டும் ஓரளவு நேராகத் தெரியும். நிறை மிகுந்த, ஊடுருவ முடிகிற பொருளும் ஏறத்தாழ இதையே செய்கிறது. பின்னால் இருக்கும் ஒரு நட்சத்திரத்தின் ஒளி ஒரு பக்கமாக வளைந்து வரும். மறுபக்கமாகவும் வளைந்து வரும். இன்னொன்று நடுவழியாகவும் வரும். ஆக மூன்று பிம்பம். ஒளி ஊடுருவும் எந்த ஈர்ப்பு வில்லையும் ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் பிம்பம் தரும் என்று 1981இல் வில்லியம் பர்க் நிரூபித்தார். ஒன்று அல்லது மூன்று அல்லது ஐந்து. கருந்துளையில் அந்த நடுப் பிம்பம் இருக்காது, விழுங்கப்பட்டுவிடும். நடுவில் ஒரு மங்கலான புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இதைக் கணினியில் எப்படி வரைகிறார்கள்? நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி; கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை நட்சத்திரத்தைச் செய்வது. சுழலாத போசான் நட்சத்திரம் என்றால் சில வகையீட்டுச் சமன்பாடுகள்தான். நடுவில் எவ்வளவு அடர்த்தி என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு, துகள்களின் அலைவெண்ணை ஊகித்து, அங்கிருந்து வெளிப்பக்கமாகக் கணக்கைக் கொண்டுபோக வேண்டும். ஊகம் தப்பானால் விளிம்பில் எண்கள் மேலே பாயும் அல்லது கீழே பாயும். பழைய வானொலிப் பெட்டியின் குமிழை இப்படியும் அப்படியும் திருகி நிலையத்தைப் பிடிப்போமே, அதைப்போல் திருகித் திருகி, எண்கள் அமைதியாக அடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் நட்சத்திரம்.

இரண்டாவது வேலை ஒளியை அனுப்புவது. விளக்கிலிருந்து கண்ணுக்கு அனுப்பினால் பெரும்பாலான கதிர்கள் எங்கெங்கோ போய் வீணாகும். அதனால் தலைகீழாகச் செய்கிறார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரைப் பின்னோக்கி விட்டு, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்ப்பது. கணினி விளையாட்டு ஆடும் இளையர்களுக்கு ரே டிரேசிங் என்றால் தெரியும், அதேதான். என்ன, இங்கே கதிர்கள் நேர்கோட்டில் போகா. ஒரு சனிக்கிழமை மாலை என் மடிக்கணினியில் 400க்கு 400 புள்ளிகளில் இதைச் செய்து பார்த்தேன். மொத்தம் 160,000 கதிர்கள். பின்னணியில் சதுரங்கக் கட்டம் போட்ட சுவர், முன்னால் கண்ணுக்குத் தெரியாத உருண்டை. படம் வந்தபோது உருண்டை எங்கேயும் இல்லை. கட்டங்கள் மட்டும் ஒரு வட்டத்தைச் சுற்றிப் பிதுங்கி, அந்த வட்டத்துக்குள் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தன. எட்டிப்பார்த்த என் மகள், “அப்பா, கண்ணாடியில தண்ணி பட்டுடுச்சு” என்றாள். அதைவிடச் சரியாக என்னால் விளக்க முடியாது.

வசதியான காலத்தில் இருக்கிறோம். 1979இல் பிரான்சின் மூடான் ஆய்வுக்கூடத்தில் ழான்-பியர் லூமினே, கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டு எப்படித் தெரியும் என்று முதன்முதலில் வரைந்தார். அவரிடம் இருந்தது துளையட்டை போட்டு இயக்கும் ஐபிஎம் 7040 கணினி. அது எண்களைத்தான் கொடுக்கும், படம் வரையாது. அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து, காகிதத்தில் கறுப்பு மையால் ஒவ்வொரு புள்ளியாகக் கையால் வைத்தார். பிறகு அதை நெகட்டிவாக மாற்றினார். ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும் படம் அது. நம்மை நோக்கி வரும் வாயு கூடுதலாக ஒளிரும் என்பதால் அப்படி. 40 ஆண்டு கழித்து, 2019 ஏப்ரலில், எம்87 கருந்துளையின் முதல் படம் வெளியானபோது அந்த வளையத்திலும் ஒரு பக்கம் பளிச்சென்று இருந்தது.

நடுவில், 2014இல், ‘இன்டர்ஸ்டெல்லார்’ படம் வந்தது. கிப் தோர்ன் போட்டுக் கொடுத்த சமன்பாடுகளை வைத்து வரைந்த கருந்துளை அது. ஆனால் இந்தப் பளிச்சு-மங்கல் வித்தியாசத்தைப் படக்குழு வேண்டுமென்றே விட்டுவிட்டது. பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று. சினிமாவுக்கு அது சரி. ஆனால் அந்தப் படத்தை “நாசா எடுத்த நிஜப் புகைப்படம்” என்ற வரியோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவைக்கும் சித்தப்பாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். எடுத்த படம், கணக்குப் போட்டு வரைந்த படம், கணக்கிலிருந்து கொஞ்சம் விலகி அழகுக்கு வரைந்த படம் மூன்றும் வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஏனென்றால் அசல் ஆய்வாளர்களுக்கே இந்த வேறுபாடு எளிதில்லை. பால்வெளியின் நடுவில் இருக்கும் தனுசு ஏ* படத்தை 2022 மே மாதம் வெளியிட்டார்கள். 27,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அந்த வளையம் நமக்குத் தெரியும் அளவை, நிலாவில் வைத்த டோனட்டுக்கு ஒப்பிட்டார்கள். நான் உளுந்து வடை என்பேன். ஓட்டையும் சரியாக இருக்கிறது. நடுவில் இருட்டு, சுற்றிலும் வெளிச்சம். பார்த்தவுடன் கருந்துளை என்று தோன்றும். தோன்றுவது போதுமா?

போதாது என்று காட்டியது ஒரு கணினிப் பாவனை. 2016இல், அதாவது அசல் படம் வருவதற்கு முன்னாலேயே, பாரிஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஒரு குழு, கருந்துளை இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் போசான் நட்சத்திரத்தை வைத்து, சுற்றிலும் ஒரு வாயு வளையத்தை வைத்துக் கதிர்களை ஓடவிட்டது. கிடைத்த படம் கருந்துளைப் படத்தை அப்படியே ஒத்திருந்தது. நடுவில் இருட்டு, சுற்றிலும் வளையம். எதையும் விழுங்காத ஒன்றும் விழுங்குவதைப்போல் தெரியலாம் என்று ஆனது. அப்படியானால் வளையத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பாவனையில் வாயு எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆய்வாளர்களே முடிவு செய்திருந்தார்கள். 2020இல் ஹெக்டர் ஒலிவாரெஸும் சகாக்களும் வாயுவை அதன் போக்கில் விழவிட்டார்கள். காந்தப்புலத்தோடு, கொந்தளிப்போடு. கருந்துளையில் வாயு உள்ளே போய் மறைந்தது. போசான் நட்சத்திரத்தில் போய் மறைய வழி இல்லை. வாயு உள்ளே வந்து, நடுவருகே தேங்கிச் சிறிய வளையமாகச் சுற்றியது. இருட்டு இருந்தது, ஆனால் கருந்துளையின் நிழலைவிடச் சிறிதாக. இந்த வித்தியாசத்தைத் தொலைநோக்கியால் பிரித்துப் பார்க்க முடியும் என்றார்கள். கருந்துளைக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். மறு ஆண்டே வேறொரு குழு, புரோக்கா நட்சத்திரம் எனப்படும் இன்னொரு வகையில், சில கோணங்களிலிருந்து பார்த்தால் நிழலின் அளவும் ஒத்துப்போகும் என்று காட்டியது. கட்டுரையின் தலைப்பிலேயே போலிசெய்யும் விளையாட்டு என்று வைத்தார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது, “அப்படியானால் எதையும் நம்ப முடியாதா?” என்று கேட்கும் நண்பர் எனக்கு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே தீயணைப்புப் படை அடுக்குமாடிக் கட்டடத்தில் பாவனைப் பயிற்சி நடத்துகிறது. தீ பிடித்துவிட்டது என்பதற்காகவா நடத்துகிறார்கள்? தீ பிடித்தால் எந்தப் படிக்கட்டில் புகை சேரும், எந்தக் கதவு திறக்காது என்று முன்கூட்டித் தெரிய வேண்டும் என்பதற்காக. விண்ணியல் பாவனையும் அப்படித்தான். போசான் நட்சத்திரம் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. இருந்தால் எங்கே மாட்டும் என்று சொல்கிறது. எம்87 படத்தை விளக்க அந்தக் குழு 60,000க்கும் மேற்பட்ட பாவனைப் படங்களை வரைந்து ஒப்பிட்டது. ஒப்பிட ஏதுமில்லாமல் வளையத்தை மட்டும் பார்த்து என்ன சொல்லிவிட முடியும்? எல்லாப் பக்கமும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தனுசு ஏ* கருந்துளைதான் என்ற பக்கமே நானும் சாய்கிறேன். ஆனால் அது படத்தைப் பார்த்து வந்த முடிவல்ல. மாற்று வேட்பாளர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரித்ததால் வந்தது.

சிறிய கரும்பொருள் நட்சத்திரங்களைத் தேடும் வழி வேறு. அவை ஒரு தொலைதூர நட்சத்திரத்துக்கு முன்னால் நகர்ந்து போனால், அந்த நட்சத்திரம் சில நாளுக்கோ சில மாதத்துக்கோ கூடுதலாக ஒளிர்ந்து பிறகு பழையபடி ஆகும். வில்லை குறுக்கே போகிறது, அவ்வளவுதான். போதான் பச்சின்ஸ்கி 1986இல் சொன்ன யோசனை இது. போலந்துக்காரர்களின் ஓகிள் குழு சிலியிலிருந்து பெரிய மெகல்லன் மேகத்தின் கிட்டத்தட்ட 80 மில்லியன் நட்சத்திரங்களை ஏறக்குறைய 20 ஆண்டு கண்காணித்தது. கரும்பொருள் முழுவதும் 10 சூரிய எடைக் கருந்துளைகளாக இருந்தால் 258 நிகழ்வுகள் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தவை 13. அவற்றையும் சாதாரண நட்சத்திரங்களே விளக்கிவிடும். 2024இல் முடிவு வெளியானது.

ஆனால் அந்தக் கணக்கு வில்லையைப் புள்ளியாகக் கருதுகிறது. போசான் நட்சத்திரம் உப்பிய உருண்டையாக இருந்தால்? மிகவும் பரந்து கிடந்தால் ஒளியைக் குவிக்கவே குவிக்காது; எதிரே போனாலும் நமக்குத் தெரியாது. நடுத்தர அளவில் இருந்தால், வெளிச்சம் மெதுவாக ஏறி இறங்காமல் சட்டென்று எகிறும் இடங்கள் வரலாம். புள்ளிக்கு ஏற்ற வடிவத்தை மட்டும் தேடும் நிரல் இதைக் கோளாறு என்று ஒதுக்கிவிடும் அபாயம் உண்டு. தேடும் முன் வரைந்து பார்ப்பதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது.

கரும்பொருள் வெளிச்சத்தோடு ஒட்டவே ஒட்டாது என்பதும் முடிந்த முடிவல்ல. ஆக்சியான் என்று ஒரு துகளைச் சொல்கிறார்கள். பெயர் பழக்கமாக இருக்கிறதா? இயற்பியலின் ஒரு பழைய கறையைப் போக்குகிறது என்று, ஃபிராங்க் வில்செக் ஒரு சலவைத்தூளின் பெயரை அதற்கு வைத்தார். நம் கடைகளில் பாத்திரம் துலக்கும் பசை அந்தப் பெயரில் விற்கிறது. வலுவான காந்தப்புலத்தில் ஆக்சியான் ஒளித்துகளாக மாறலாம் என்பது கணக்கு. அப்படியானால் ஆக்சியான் நட்சத்திரம் ஒன்று நியூட்ரான் நட்சத்திரத்தின் காந்தப்புலத்துக்குள் நுழையும்போது வானொலி அலை வெடித்துக் கிளம்பலாம். அதையும் பாவனை செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ‘இருண்ட நட்சத்திரங்களை’ப் பார்த்திருக்கலாம் என்று 2023இல் செய்தி வந்ததே, அது இதுவல்ல. கேத்தரின் ஃப்ரீஸும் சகாக்களும் சொல்லும் அந்த நட்சத்திரங்கள் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை. உள்ளே மிகக் கொஞ்சம் கரும்பொருள், அது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் சூட்டில் எரிபவை. சூரியனைவிட ஒரு பில்லியன் மடங்கு பிரகாசமாக இருக்கக்கூடியவற்றுக்கு இருண்ட நட்சத்திரம் என்று பெயர் வைத்தால் வாசகர் என்ன செய்வார்? வெப் படங்களில் மூன்று பொருள்கள் அதற்குப் பொருந்துவதாக அவர்கள் எழுதினார்கள். அவை சாதாரண இளம் விண்மீன் திரள்களாகவும் இருக்கலாம். இங்கேயும் தீர்ப்பு ஒரு பாவனையைத்தான் நம்பியிருக்கிறது: அப்படிப்பட்ட நட்சத்திரத்தின் நிறமாலையில் ஹீலியம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒளியை உறிஞ்சியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள்.

சிலியில் செரோ பச்சோன் மலைமேல் இன்னொரு தொலைநோக்கி 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. 3,200 மெகாபிக்சல் கேமரா. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒருமுறை என்று பத்தாண்டு திரும்பத் திரும்பப் படமெடுக்கப்போகிறது. ஆண்ட்ரோமிடாவை அளந்த வேரா ரூபினின் பெயர்தான் அதற்கு. அதன் பதிவுகளில் எந்த நட்சத்திரமாவது சட்டென்று எகிறி, இடையில் ஒரு பள்ளம் விழுந்து, மறுபடி எகிறி அடங்கினால், அந்தக் கோட்டைப் பொருத்திப் பார்க்கப் பாவனைப் படங்கள் ஏற்கெனவே கணினியில் தயாராக இருக்கின்றன.